உலகுக்காக எவ்வளவு, அரியணைக்காக எவ்வளவு?

நேயர்களுக்கு வணக்கம்.

கற்பனை உலகக் கதைகளில் வரும் கொடுங்கோலர்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். பதவி வெறியைத் தவிர வேறொன்றும் இல்லாதவர்களை விட்டுவிடுவோம். அவர்களைப் பற்றி வாதாட என்ன இருக்கிறது? ‘நான் செய்ததெல்லாம் உங்களைக் காப்பாற்றத்தான்’ என்று சொல்கிறவன்தான் நம்மைத் திணற வைக்கிறான். அதிலும், அவன் சொன்னது உண்மைதான் என்று கதையின் முடிவில் தெரிந்துவிட்டால்? அந்த நோக்கத்துக்காக அவனுடைய கொடுமையை மன்னித்துவிடலாமா?

பொதுவாகப் பேசினால் இந்தக் கேள்வி பிடி கொடுக்காது. அதனால் ஒருவனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்க எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2006 முதல் 2008 வரை வெளியிட்ட மூன்று ‘மிஸ்ட்பார்ன்’ நாவல்களில் வரும் ராஷெக். லார்ட் ரூலர் என்ற பட்டத்தோடு ஆயிரம் ஆண்டுகள் ஆண்டவன். மூன்றாம் நாவலின் முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. படிக்கக் காத்திருப்பவர்கள் இந்த உரையைப் பிறகு கேட்பது நல்லது.

அவனுடைய பேரரசில் வானத்திலிருந்து சாம்பல் கொட்டிக்கொண்டே இருக்கும். இரவில் மூடுபனி இறங்கும். செடிகொடிகள் பழுப்பு நிறம். ஸ்கா என்று அழைக்கப்படும் பெரும்பான்மை மக்கள் அடிமைகள். தோட்டங்களிலும் ஆலைகளிலும் வேலை செய்தே சாகிறவர்கள். ஒரு பிரபு ஸ்கா பெண்ணைத் தன் படுக்கைக்கு இழுத்துக்கொள்ளலாம், ஆனால் பிறகு அவளைக் கொன்றுவிட வேண்டும். அதுதான் சட்டம். முதல் நாவலின் முடிவில் வின் என்ற இளம்பெண் ராஷெக்கைக் கொல்கிறாள். மனித குலத்துக்காகத் தான் செய்துவருவது என்னவென்று இவர்களுக்குத் தெரியாது என்று அவன் சாகும்போது சொல்கிறான். மூன்றாம் நாவலுக்கு வரும்போது, அது வெறும் பிதற்றல் இல்லை என்று நமக்குத் தெரிகிறது. உலகையே அழிக்க நினைக்கும் ரூயின் என்ற சக்தி ஒன்று சிறைபட்டுக் கிடந்திருக்கிறது. அது வெளியே வராமல் தடுப்பதும், வந்துவிட்டால் மக்கள் பிழைக்க வழி செய்து வைப்பதும் ராஷெக்கின் திட்டத்தில் இருந்திருக்கின்றன.

இந்த இடத்தில் வாசகர்கள் இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள். ‘பாவம், அவனைத் தவறாகப் புரிந்துகொண்டோம்’ என்பார்கள் சிலர். ‘என்ன காரணம் சொன்னாலும் கொடுமை கொடுமைதான்’ என்பார்கள் சிலர். இரண்டுமே அவசரத் தீர்ப்பு என்பது என் கருத்து. அவன் செய்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, இது எதற்காகச் செய்யப்பட்டது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஆரம்பத்துக்குப் போவோம். மூடுபனி பகலிலும் கலையாமல் நின்று பயிரை அழித்துக்கொண்டிருந்த காலம். மலைமேல் இருக்கும் கிணறு ஒன்றில் ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை நிறையும் ஆற்றலை எடுக்க வந்த வீரனைச் சுமைகூலியான ராஷெக் கொன்றுவிட்டு, அந்த ஆற்றலைத் தானே எடுத்துக்கொள்கிறான். கையில் எல்லையற்ற சக்தி. அதை எப்படிப் பயன்படுத்துவது என்ற அறிவு இல்லை. நேரமோ மிகக் கொஞ்சம். பனியை வெயிலால் கலைத்துவிடலாம் என்று கோளையே சூரியனுக்கு அருகில் நகர்த்துகிறான். அளவு மிஞ்சிப்போய் நிலம் கருகுகிறது. வெப்பத்தைக் குறைக்க எரிமலைகளை எழுப்பிச் சாம்பலைக் கக்க வைக்கிறான். சாம்பலில் செடிகள் சாகின்றன. செடிகளை மாற்றுகிறான். சாம்பலைச் சுவாசித்து மனிதர் வாழ முடியாது என்றதும் மனித உடலையும் மாற்றுகிறான். ஒரு பிழையை மூட இன்னொன்று, அதை மூட மற்றொன்று.

இவற்றைக் கொடுமைக் கணக்கில் நான் எழுத மாட்டேன். விளைவு பயங்கரம்தான். ஆனாலும் பயிர் பிழைக்க வேண்டும், மனிதர் பிழைக்க வேண்டும் என்ற நோக்கம் ஒவ்வொரு அடியிலும் தெரிகிறது. அறியாமையால் நேர்ந்ததையும் தெரிந்தே செய்ததையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

அதே சில கணங்களில் அவன் வேறு சிலவற்றையும் செய்தான். தீர்ப்பு அங்கேதான் இருக்கிறது. ராஷெக் டெரிஸ் இனத்தவன். உலோகத்தில் வலிமையையும் நினைவையும் சேமித்துவைக்கும் ஃபெருகெமி என்ற திறன் அந்த இனத்துக்கு மட்டுமே உண்டு. அந்தத் திறன் உள்ள இன்னொருவன் என்றாவது தனக்குச் சமமாக எழுந்து நிற்கலாம் என்ற அச்சம் அவனுக்கு. ஆகவே தன்னோடு மலையேறிய தோழர்களைக் கண்ட்ரா என்ற உருமாறும் உயிர்களாக ஆக்கினான். ஃபெருகெமி உள்ள மற்றவர்களை அறிவற்ற பிண்டங்களாக்கினான். ஆட்சிக்கு வந்த பிறகு, டெரிஸ் மக்களில் யார் யாரோடு சேர்ந்து பிள்ளை பெறலாம் என்பதைக்கூட அரசே தீர்மானித்தது. பிரபுக்களின் வீடுகளுக்கு ஊழியம் செய்ய அனுப்பிய ஆண்களுக்கு ஆண்மை நீக்கப்பட்டது. ரூயினின் சிறைக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு? நாவல்களை எத்தனை தடவை புரட்டினாலும் ஒரு தொடர்பும் கிடைக்காது. இவை அரியணைக்காகச் செய்தவை.

ஸ்கா பெண்களைக் கொல்லும் சட்டமும் அப்படித்தான். தன்னை ஆதரித்தவர்களுக்கு அவன் அலோமன்ஸி என்ற உலோக வித்தையைப் பரிசாகக் கொடுத்திருந்தான். அது பிரபுக்களின் இரத்தத்தோடு போகும். ஸ்கா தாய்க்குப் பிறக்கும் பிள்ளைக்கும் அது வந்துவிட்டால், அடிமைகள் கையில் ஆயுதம் சேர்ந்துவிடும். ஆகவே தாயைக் கொல். இதில் உலகைக் காப்பது எங்கே இருக்கிறது?

அவன் பக்கம் நியாயமாக வைக்க வேண்டியவையும் உண்டு. 5 நகரங்களின் அடியில் உணவும் தண்ணீரும் நிரம்பிய கிடங்குகளை அமைத்தான். ரூயினால் காகிதத்தில் உள்ள எழுத்தை மாற்ற முடியும், உலோகத்தில் உள்ளதை மாற்ற முடியாது. அது தெரிந்து, தன் செய்தியை எஃகுத் தகட்டில் பொறித்து அங்கே வைத்தான். ரூயினின் உடலே ஏட்டியம் என்ற உலோகமாக விளைகிறது. அதைத் தோண்டி எடுத்துக் கண்ட்ராக்களிடம் ஒளித்துவைக்கச் சொன்னான். ரூயின் திரும்பினால், தங்களுக்குச் சுயநினைவு தருவதற்காக உடலில் செருகப்பட்டிருக்கும் உலோக ஆணிகளைத் தாங்களே பிடுங்கிக்கொண்டு சுயநினைவை இழந்துவிட வேண்டும் என்று கண்ட்ராக்களிடம் வாக்கும் வாங்கியிருந்தான். பஞ்சம் வந்தபோது அந்தக் கிடங்குகள் பெருங்கூட்டத்துக்குச் சோறு போட்டன. ஏட்டியம் கைக்குக் கிடைக்காமல் ரூயின் தடுமாறியது. இவற்றை மறைத்துவிட்டுத் தீர்ப்பு எழுதினால் அது நேர்மையாகாது.

ஆனால் இந்த நல்ல பட்டியலுக்கு உள்ளேயும் இன்னொரு முறை பிரித்துப் பார்க்க வேண்டும். ஏட்டியம் ஹாத்சின் குழிகளில் விளைகிறது. கைதிகள் கூரிய படிகங்களுக்கு நடுவே கையை நுழைத்து, தோல் கிழியத் தேடி எடுக்க வேண்டும். வாரத்துக்கு ஒன்றாவது கிடைக்காவிட்டால் கொலை. ஏட்டியத்தைத் தோண்டுவது நோக்கத்துக்குத் தேவை, ஒப்புக்கொள்கிறேன். கிடைக்காதவனைக் கொல்வது எந்த நோக்கத்துக்குத் தேவை? அவனை இன்னொரு வாரம் தேட விட்டிருந்தால் உலகம் அழிந்துவிடுமா? பெரிய நோக்கம் பேசும் கொடுங்கோலர்களிடம் நாம் பெரும்பாலும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். வேலைக்குத் தேவை இருந்தால், அந்த வேலையில் நடக்கும் ஒவ்வொரு வன்முறைக்கும் தேவை இருந்ததாக நாமே நினைத்துக்கொள்கிறோம்.

இனி அவனுடைய படைக்கு வருவோம். அவனுக்கு எதிராக இருக்கும் மிகப் பலமான சாட்சி அதுதான். மனிதரை ஆணியால் குத்திக் கொன்று, அந்த ஆணியில் ஏறிய ஆற்றலை இன்னொருவர் உடலில் செருகும் வித்தைக்கு ஹீமலர்ஜி என்று பெயர். கோலாஸ் என்ற ராட்சதப் படைவீரனுக்கு 4 ஆணிகள். அதாவது புதிதாக ஒரு கோலாஸைச் செய்ய நான்கு பேரைக் கொன்று, ஐந்தாவது ஆளை மிருகமாக மாற்ற வேண்டும். கண்ணிலேயே ஆணி அறையப்பட்ட விசாரணை அதிகாரிகளுக்கு இன்னும் அதிக ஆணிகள், இன்னும் அதிகப் பிணங்கள். கலகத்தை அடக்க இவர்களைவிடச் சிறந்த ஆயுதம் இல்லை. ஆனால் ஆணி செருகிய உடலுக்குள் ரூயின் நுழைந்து அதை ஆட்டுவிக்க முடியும். ரூயின் விடுதலையானதும் இந்தக் கோலாஸ் கூட்டமும் விசாரணை அதிகாரிகளும் அதன் படையாக மாறி மனிதர்மேல் பாய்ந்தார்கள். இது ராஷெக்குக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. கண்ட்ராக்களிடம் வாக்கு வாங்கியதே இந்த ஆபத்தை அறிந்துதான். எந்த எதிரியிடமிருந்து உலகைக் காப்பதாகச் சொன்னானோ, அந்த எதிரிக்கான படையைத் தன் ஆட்சியின் வசதிக்காக ஆயிரம் ஆண்டுகள் வளர்த்துவைத்தான்.

கடைசியில் உலகத்தைக் காப்பாற்றியவர்கள் யார் என்று பாருங்கள். ரூயினைத் தன் உயிரையே கொடுத்து வீழ்த்திய வின், ஸ்கா தாய்க்கும் பிரபுவுக்கும் பிறந்தவள். அந்தச் சட்டப்படி அவளுடைய தாய் அவளைப் பெறுவதற்கு முன்பே இறந்திருக்க வேண்டும். அழிந்த கோளைச் சரியான பாதைக்குத் திருப்பி, செடிகளை மறுபடி பச்சையாக்கியவன் சேஸட். ஆண்மை நீக்கப்பட்ட டெரிஸ் ஊழியன், இரகசியமாக ஃபெருகெமி கற்றவன். ராஷெக்கிடம் இருந்தது போன்ற ஆற்றல் சேஸடுக்கும் கிடைத்தது. ராஷெக்கிடம் இல்லாதது அறிவு. அந்த அறிவு சேஸடுக்கு எங்கிருந்து வந்தது? ராஷெக் அழித்துப்போட்ட பழைய மதங்களின் நூல்களையும் வான் கணக்குகளையும் அவனுடைய முன்னோர் தலைமுறை தலைமுறையாக ஒளித்துக் காத்துவந்த உலோகச் சேமிப்புகளிலிருந்து. ராஷெக்கின் கொடுமை முழு வெற்றி அடைந்திருந்தால் வின்னும் இல்லை, சேஸடும் இல்லை. கொடுமை தோற்ற இடங்களில்தான் உலகம் பிழைத்தது. இதற்குமேல் அவனை ‘தேவையான தீமை’ என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை.

‘அவன் அந்த ஆயிரம் ஆண்டுகளைக் கடத்தியிராவிட்டால் காப்பாற்ற மனிதரே இருந்திருக்க மாட்டார்களே?’ என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அந்த ஆயிரம் ஆண்டுகளில் அவன் உண்மையைக் கண்ட்ராக்களில் மூத்த சிலருக்கும் கிடங்குத் தகடுகளுக்கும் மட்டுமே சொல்லிவைத்தான். அவன் செத்த சில காலத்திலேயே கிணறு நிறைந்தது. விவரம் தெரியாத வின், பழைய தீர்க்கதரிசனத்தை நம்பி அந்த ஆற்றலை விடுவித்தாள்; ரூயின் வெளியே வந்துவிட்டது. அந்தத் தீர்க்கதரிசனம் ரூயின் திருத்தி வைத்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு நூல்கள் மக்களிடம் இல்லை. மற்ற மதங்களை எல்லாம் அவன்தான் ஒழித்துவிட்டானே. அடிமைகளிடம் உண்மையைச் சொன்னால், ‘அப்படியானால் நாங்களும் சேர்ந்து காக்கிறோமே, எங்களை ஏன் அடிக்கிறாய்?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. அதனால் மௌனம். அந்த மௌனத்தால்தான் சிறைக்கதவு திறந்தது.

வள்ளுவர் கையாண்ட ஒரு வரிசை இங்கே நினைவுக்கு வருகிறது. செங்கோன்மை அதிகாரத்தின் கடைசிக் குறள், 550, கொலையிற் கொடியாரை அரசன் தண்டிப்பது பயிருக்குக் களை எடுப்பதைப் போன்றது என்கிறது. எல்லாக் கொடுங்கோலர்களும் பிடித்துக்கொள்ளும் வாதம் இது. ஆனால் அடுத்து வருவது கொடுங்கோன்மை அதிகாரம். அதன் முதல் குறளே, குடிகளை வருத்தி முறையல்லாதவை செய்யும் வேந்தன் கொலைகாரரைவிடக் கொடியவன் என்று தொடங்குகிறது. களை எடுக்கும் உரிமையைக் கொடுத்த கையோடு அதற்கு எல்லையையும் போட்டுவிடுகிறார்.

தானோஸைப் பற்றியும் கேட்பீர்கள். 2018இல் வந்த அவெஞ்சர்ஸ் படத்தில் அவன் பிரபஞ்சத்தின் உயிர்களில் பாதியை ஒரு சொடுக்கில் அழிக்கிறான். வளம் போதாது என்பது காரணம். பூமியை மட்டும் எடுத்துக் கணக்குப் போடுங்கள். அந்த ஆண்டு மக்கள்தொகை சுமார் 760 கோடி. பாதி என்றால் 380 கோடி. அது 1970களின் தொடக்கத்தில் இருந்த அளவு. ஆண்டுக்கு 1.1 சதவீதம் என்ற அப்போதைய வளர்ச்சியில் மறுபடி இரட்டிப்பாக அறுபது ஆண்டுகளுக்குச் சற்று மேல் போதும். பிரபஞ்சப் பேரழிவு ஒன்று வாங்கித் தருவது இரண்டு தலைமுறை அவகாசம். அவனுடைய நோக்கம் கணக்கிலேயே தோற்றுவிடுகிறது. அறம்வரை போகத் தேவையில்லை.

கடினமான வழக்கு வேறொன்று. ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் டியூன் வரிசையில், 1981இல் வந்த நான்காம் நாவலில் ஆளும் இரண்டாம் லெட்டோ. அது அறிவியல் புனைவு என்றாலும் கேள்வி இதுவேதான். எதிர்காலத்தைக் காணும் அவன், மனித இனம் அழியாமல் இருக்க ஒரே பாதைதான் உண்டு என்று காண்கிறான். 3,500 ஆண்டுகள் மக்களை ஓரிடத்தில் அடக்கி வைக்கிறான். அவன் இறந்த பிறகு இனி எந்த ஒருவன் கையிலும் சிக்கக் கூடாது என்று அவர்கள் பிரபஞ்சமெங்கும் சிதறி ஓட வேண்டும் என்பது திட்டம். ராஷெக் விஷயத்தில் பிரித்ததுபோல இங்கே கொடுமையையும் நோக்கத்தையும் பிரிக்க முடியாது, அடக்குமுறைதான் பாடமே. அவன் தன் மனித உடலை இழந்து மணற்புழுவாக மாறுகிறான், தன்னைக் கொல்லப்போகிறவர்கள் வளரவும் இடம் கொடுக்கிறான். கொடுத்த விலை பெரியது. ஆனால் அவன் கொடுத்தது அவனுடைய விலை. அவன் ஆட்சியில் பிறந்து, வெளியே எங்கும் போகாமல் செத்த தலைமுறைகளின் விலையை அவன் கொடுக்கவில்லை, அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டான். ஒன்பது வரலாற்றாசிரியர்களை அவர்களுடைய நூல்களோடு எரித்தானே, அந்தப் பாதையில் அது எத்தனையாவது படி? நாவலில் அதற்கு நம்பும்படியான பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

லெட்டோவின் பாதை உண்மையானது என்று நமக்கு எப்படித் தெரியும்? ஹெர்பர்ட் அந்த உலகத்தை அப்படி எழுதியிருக்கிறார், அதனால் தெரியும். அவன் ஆட்சியின் கீழ் வாழ்ந்த ஒருவருக்கு அந்த வசதி கிடையாது. அவர் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் ஓர் அரசன், ஒரு படை, காரணம் கேட்கக் கூடாத ஒரு கட்டளை. உண்மையான காப்பாளனுக்கும் பொய்யனுக்கும் அந்த இடத்திலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆகவே அவர் எதிர்த்து நிற்பது சரிதான், அரசன் சொல்வது பிற்பாடு உண்மையாகவே ஆனாலும். வின் கத்தியோடு அரண்மனைக்குள் போனதும் அதே போலச் சரிதான். லெட்டோ இதை அறிந்திருந்தான். மன்னிப்பை அவன் யாரிடமும் கேட்கவில்லை. ராஷெக்கின் கடைசி வார்த்தைகள் மன்னிப்புக்கு வெகு அருகில் வருகின்றன. ஆனால் அவற்றையும் அவன் தன் எதிரிகளிடம் சொன்னான், ஹாத்சின் குழியில் கை கிழிந்தவர்களிடம் சொல்லவில்லை. மன்னிக்கும் உரிமை அவர்களுடையது. படித்து முடித்துவிட்ட நாம் அதை அவர்கள் சார்பில் கொடுத்துவிட முடியாது.

நன்றி, வணக்கம்.