நெஞ்சில் நிற்பது வரியே!

நடுவர் அவர்களே, சுங்கை சிப்புட் பெருமக்களே, வணக்கம். ராக் இசைத்தொகுப்பு மனத்தில் நிற்பது வாத்தியத்தாலா, வரியாலா? வரியால்தான் என்கிறது எங்கள் அணி. சாட்சிக்கு ஒரே தொகுப்பு: கனடாவின் மொன்ட்ரியால் நகரத்து ராக் குழுவான ஆர்கேட் ஃபயரின் 'ஃபியூனரல்', அதாவது இறுதிச்சடங்கு. 2004இல் மெர்ஜ் என்ற சின்ன நிறுவனம் வெளியிட்டது. பத்தே பாட்டு, ஏறத்தாழ 48 நிமிடம்.

குழுவினரின் குடும்பங்களில் அடுத்தடுத்துச் சாவு விழுந்த நேரம். அதனால்தான் அந்தப் பெயர். ஆனால் ஒப்பாரி கிடையாது. முதல் பாட்டில் பனி ஊரையே மூடுகிறது. காதலன் தன் சன்னலிலிருந்து காதலியின் சன்னலுக்குச் சுரங்கம் தோண்டுகிறான். பனி நமக்குத் தூரம், சரி. அடுத்த பாட்டுக்கு வாருங்கள். வீட்டைவிட்டுப் போகும் அண்ணன், படங்களிலிருந்து உறவுகளைக் கிழித்தெறிகிறான், கடிதங்களில் பெயர்களைச் சுரண்டி எடுக்கிறான். தோட்டத்தைவிட்டுப் போய்த் திரும்பிப் பார்க்காத பிள்ளை எந்தத் தொழிலாளர் லயத்து வீட்டில் இல்லை? இதை எந்த கிட்டார் சொல்லும்?

எதிரணி நண்பர் 'வேக் அப்' பாட்டைக் காட்டி, கூட்டமே சேர்ந்து கத்துவது வெறும் 'ஓ'தானே, வரி எங்கே என்றார். கைதட்டலும் வாங்கினார். ஐயா, அந்த 'ஓ' முதலில் வரியே வருவதற்கு முன் வருகிறது, கேட்டால் திருவிழா. பிறகு ஒருவன் பாடுகிறான்: அழாதே என்றார்கள், அது பொய்யென்று வளர்ந்தபின் தெரிகிறது. மறுபடி அதே மெட்டு, அதே 'ஓ'. இப்போது அழுகையாகக் கேட்கிறதே, மாற்றியது யார்? டிரம்ஸா?

கேட்கப்போகிறவர்கள் பாட்டு வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். முதல் ஐந்தில் நான்கு பாட்டு 'நெய்பர்ஹூட்' (அக்கம்பக்கம்) என்று வரிசை எண்ணோடு வருபவை. கலைத்தால் கதை போச்சு. கைப்பேசி ஸ்பீக்கரும் வேண்டாம். வயலின், அக்கார்டியன், கிட்டார் எல்லாம் குரலோடு முட்டி, சொல் அமுங்கிவிடும். அதை வைத்துத்தான் 'வரி புரியவில்லை' என்று எதிரணி சொல்கிறது போலும்! ஹெட்ஃபோன் போட்டு, வரிகளைக் கண்முன் வைத்துக் கேளுங்கள். 'ஹைத்தி' பாட்டில் பிரெஞ்சும் கலந்து வரும், அதற்கு மொழிபெயர்ப்பும் தேவை.

கடைசிப் பாட்டு 'இன் தி பேக்சீட்'. குழுவின் பாடகி ரெஜின் ஷசான் பாடுகிறார்: பின் இருக்கையில் நிம்மதி, ஓட்ட வேண்டாம், பேச வேண்டாம். பிறகு குடும்பமரம் இலையுதிர்க்கிறது. வாழ்நாளெல்லாம் வண்டியோட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்கிறார். முன் இருக்கை காலியானதை இத்தனை சின்ன வாக்கியத்தில் சொல்லும் வயலின் ஒன்றை எதிரணி இந்த மேடைக்குக் கொண்டுவரட்டும், வாதத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.