மறுபடியும் வந்துவிட்டதே!

எல்லோருக்கும் வணக்கம்.

பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று வந்து ஆளை அடித்துப் போடுகிற பயமும் படபடப்பும், எப்படி இருக்கும் என்று இந்த அரங்கத்தில் நான் விளக்கத் தேவையில்லை. உங்களில் பலர் நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடி, ஈசிஜி எடுத்து, "இதயத்தில் ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்க" என்ற பதிலோடு திரும்பியவர்கள். முதல் தடவை நெஞ்சு அடைத்தால் கட்டாயம் பரிசோதிக்கத்தான் வேண்டும், தைராய்டையும் சேர்த்து. எல்லாம் சரியாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகும் எடுக்கிற நாலாவது எக்கோவுக்குத்தான், அந்த இதய ஸ்கேனுக்குத்தான், நான் எதிரி.

அட்டாக் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும், பிறகு தானாக இறங்கிவிடும். பயத்தில் வேகவேகமாக மூச்சு விடுகிறோம், ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால் விரல் மரத்துப்போகிறது, தலை கிறுகிறுக்கிறது. அதைப் பார்த்து இன்னும் பயம். அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஓர் அட்டாக்குக்கும் அடுத்ததற்கும் நடுவில் கிடக்கிற மாதங்களைப் பாருங்கள். அட்டாக் வந்தவருக்குப் பஸ்ஸில் கதவோரச் சீட்டுதான் வேண்டும். கையில் தண்ணீர் பாட்டில். சட்டைப்பையில் ஓரம் நைந்த ஒரு மாத்திரை அட்டை. அது காலாவதியாகிப் பல மாதம் ஆகியிருக்கும். ஆனாலும் அது இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகமாட்டார். முதலில் லிஃப்ட் வேண்டாம், அப்புறம் கல்யாண மண்டபம் வேண்டாம், அப்புறம் வெளியூரே வேண்டாம். நோய் குடியிருப்பது இங்கேதான்.

கிளேர் வீக்ஸ் என்று ஆஸ்திரேலியாவில் ஒரு டாக்டரம்மா இருந்தார். இளம் வயதில் அவருக்குக் காசநோய் என்று தவறாகச் சொல்லி, சானடோரியத்தில் படுக்க வைத்துவிட்டார்கள். வெளியே வந்த பிறகு ஓயாத படபடப்பு. முதல் உலகப் போரில் இருந்த நண்பர் ஒருவர், பதுங்குகுழியில் சிப்பாய்களுக்கும் இப்படித்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளும், அந்தப் படபடப்பைக் கண்டு நீ பயப்படுவதால்தான் அது நிற்காமல் ஓடுகிறது என்றார். வீக்ஸ் அதைப் பிடித்துக்கொண்டார். விலங்கியல் ஆய்வை விட்டுப் பின்னாளில் மருத்துவம் படித்தார். தன் நோயாளிகளுக்கு அவர் சொன்னது நாலு விஷயம்: எதிர்கொள், ஏற்றுக்கொள், போராடாமல் மிதந்து போ, காலத்தின் போக்கில் விடு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய முதுமைக்காலச் செய்தி. இன்னும் எப்போதாவது இரவில் படபடப்பு எழுப்பிவிடுகிறது என்று அவர் சொல்ல, கேட்டவர் பரிதாபப்பட்டாராம். "உங்கள் அனுதாபத்தை வேறு யாருக்காவது வைத்துக்கொள்ளுங்கள்" என்கிற மாதிரி பதில் சொன்னாராம் அந்தம்மா. குணமடைந்தவர் என்று நான் சொல்வது அப்படிப்பட்டவரைத்தான்.

ரெண்டு வருஷம் நிம்மதியாக இருந்தவருக்குக் காய்ச்சலுக்குப் பிறகோ, தூக்கம் கெட்ட ஒரு வாரத்திலோ திரும்ப வரும். "மறுபடியும் வந்துவிட்டதே, எல்லாம் போச்சு" என்று இடிந்து போவார்கள். எதுவும் போகவில்லை. மறுநாள் அதே பஸ்ஸில் ஏறினீர்களா என்பதை மட்டும் என்னிடம் சொல்லுங்கள்.

மாத்திரை பற்றி. பதற்றத்துக்கு மனநல மருத்துவர் தருகிற எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகள் வேலை செய்யச் சில வாரம் ஆகும். நிறுத்தும்போதும் அவரிடம் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் படபடப்பைச் சட்டென்று அடக்கும், ஆனால் பழக்கமாகிவிடும். மூச்சுப் பயிற்சியும் நல்லதுதான். ஆனால் அதையே தாயத்து மாதிரிக் கட்டிக்கொண்டு திரிகிறவர்களும் உண்டு. சிகிச்சையில் நாங்கள் சில சமயம் வேண்டுமென்றே மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லி, நாற்காலியில் சுற்றவிட்டுப் படபடப்பை வரவழைப்போம். வரட்டும், வந்து போகட்டும் என்று உடம்பே கற்றுக்கொள்ள வேண்டும். யாரிடம் போவது என்று தெரியாதவர்கள் அரசின் மனநல உதவி சேவையான டெலிமானஸ் எண் 14416-ஐக் கூப்பிடலாம், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சோடா வாங்கிக் கொடுப்பதும், போகிற இடமெல்லாம் துணைக்குப் போவதும் பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் கொஞ்ச நாள் கூடப் போங்கள், பிறகு அவரை முன்னால் அனுப்பிவிட்டு அடுத்த பஸ்ஸில் வாருங்கள், அப்புறம் வீட்டிலேயே இருந்துவிடுங்கள். "போய்ச் சேர்ந்தாச்சா?" என்று அரைமணிக்கு ஒருதரம் போன் பண்ணுவதையும் சேர்த்து நிறுத்த வேண்டும். அது உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும்.

சரி, கேள்விகளுக்கு வருவோம்.