ஜேன் அயரைப் படமாக்குவது: யாருக்கு எப்போது என்ன தெரியும்?

வணக்கம் நண்பர்களே.

சார்லட் பிராண்ட்டியின் ‘ஜேன் அயர்’ 1847இல் மூன்று தொகுதிகளாக வந்த நாவல். தார்ன்ஃபீல்ட் மாளிகைக்கு ஆசிரியையாகப் போகும் ஜேன், அதன் உரிமையாளர் ரோசெஸ்டரைக் காதலிக்கும் கதை. மொத்தம் 38 அத்தியாயங்கள். திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது கணக்கு. ஆக, இரண்டு மணி நேரப் படத்துக்கு நம் கையில் இருப்பது 120 பக்கம். உடனே எல்லோரும் கத்தரிக்கோலைத் தேடுகிறோம். அதை அப்புறம் எடுக்கலாம். முதலில் அத்தியாயத்துக்கு ஒன்றாக 38 அட்டை எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டே வரி எழுதுங்கள்: இந்த இடத்தில் ஜேனுக்கு என்ன தெரியும், ரோசெஸ்டருக்கு என்ன தெரியும்.

ஏனென்றால், ஜேன் இந்தக் கதையைச் சொல்வது எல்லாம் முடிந்து பத்து வருஷம் கழித்து. மூன்றாம் மாடியில் பூட்டி வைத்திருப்பது ரோசெஸ்டரின் மனைவி பெர்த்தா என்பது கதைசொல்லிக்கு முதல் பக்கத்திலேயே தெரியும். ஆனாலும் 26ஆம் அத்தியாயத்தில் தேவாலயத்தில் ஜேன்–ரோசெஸ்டர் கல்யாணம் நின்றுபோகிறவரை ஜேன் வாய் திறப்பதில்லை. புத்தகத்தில் அவள் காக்கும் ரகசியத்தைப் படத்தில் கேமராதான் காக்க வேண்டும்.

15ஆம் அத்தியாயத்துத் தீயைப் பாருங்கள். நடுராத்திரி. கதவை யாரோ விரலால் தடவிக்கொண்டு போவதுபோல ஒரு சத்தம். சாவித்துவாரத்தருகே ஒரு சிரிப்பு. மாடிப்படிப் பக்கம் காலடி. ஜேன் கதவைத் திறந்தால், நடையில் விரித்த பாய்மேல் ஒரு மெழுகுவத்தி எரிகிறது. ரோசெஸ்டர் அறையிலிருந்து புகை. படுக்கைத் திரையில் தீ. அங்கிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, தன் அறைக்கு ஓடி அங்குள்ள கூஜாவையும் தூக்கி வருகிறாள்.

இங்கே பெர்த்தாவின் ஒரு விரலைக் காட்டினாலும் போச்சு. ஜேனுக்கு முன்னால் கேமரா அறையை விட்டு வெளியே போகவே கூடாது. அந்தச் சிரிப்பு வேலைக்காரி கிரேஸ் பூலுடையது என்றுதான் ஜேன் நினைக்கிறாள். ஒலிக்கலவையில் அதை எதிரொலி போட்டுப் பேய்ச் சிரிப்பாக்கிவிட்டால், கிரேஸ்மேல் யாருக்குமே சந்தேகம் வராது. அந்த இரண்டு பெண்களில் யார் தொண்டையிலிருந்தும் வந்திருக்கலாம் என்கிற மாதிரி இருக்க வேண்டும்.

மெழுகுவத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். டேக்குக்கு டேக் அது உருகிக் குறையும். எடிட்டிங்கில் பார்த்தால் ஒரு ஷாட்டில் ஒரு சாண், அடுத்ததில் நாலு விரல், மறுபடி ஒரு சாண். மூன்று நான்கு உயரங்களில் முன்கூட்டியே வெட்டி, அடையாளமிட்டு வைக்க வேண்டும். ஒற்றைத் திரியின் வெளிச்சம் முகத்துக்குப் போதாது. இரண்டு மூன்று திரி போட்டுத் தடியாக வார்த்தது தேவை.

இனி கத்தரிக்கோல். வழக்கமாக அது விழுவது 28 முதல் 35 வரையிலான அத்தியாயங்களில், அதாவது தார்ன்ஃபீல்டை விட்டு ஓடிய ஜேன் தஞ்சம் புகும் மூர் ஹவுஸ் பகுதியில். 1943ஆம் வருஷப் படம், அங்கே ஜேனுக்கு இடம் கொடுக்கும் பாதிரியார் செயின்ட் ஜான் ரிவர்ஸையே எடுத்துவிட்டு, ரிவர்ஸ் என்ற அவர் பெயரை, ஜேன் சிறுவயதில் படித்த லோவுட் பள்ளிக்கு வரும் டாக்டருக்குக் கொடுத்தது. நேரம் மிச்சம், ஆனால் நஷ்டம் பெரிது. தார்ன்ஃபீல்டில் ஜேனின் சம்பளம் வருஷத்துக்கு 30 பவுண்டு. மூர் ஹவுஸில்தான் 20,000 பவுண்டு சொத்து வருகிறது. அதை நாலாகப் பங்கிட்டு 5,000 மட்டும் வைத்துக்கொள்கிறாள். செயின்ட் ஜான் கேட்கும் காதலில்லாத கல்யாணத்தை மறுப்பதும் அங்கேதான். இவை இல்லாமல் அவள் ரோசெஸ்டரிடம் திரும்பிவந்தால், போக்கிடம் இல்லாமல் வந்தவளாகத் தெரிவாள். எனக்கு இது பொறுக்காது.

மொய்ரா பஃபினி எழுதி, கேரி ஃபுகுநாகா இயக்கிய 2011 படம், ஜேன் தார்ன்ஃபீல்டை விட்டு ஓடுவதிலிருந்து தொடங்குகிறது. முன்கதை நினைவாக வருகிறது. மூர் ஹவுஸ் இதனால் கதையைத் தாங்கும் சட்டகமாகிவிட்டது, யாரும் வெட்ட முடியாது. ‘என்ன நடக்கும்’ என்ற பதைப்பு ‘என்ன நடந்தது’ என்று மாறிவிடுகிறது. அந்த விலையைத் தயங்காமல் கொடுக்கலாம்.

கடைசி அட்டைகளில் ஒன்று 37. ரோசெஸ்டருக்குப் பார்வை போய்விட்டது; ஆனாலும் இருட்டியதும் விளக்கு வைக்கச் சொல்வார். வேலைக்காரி கொண்டுபோக இருந்த தட்டை ஜேன் வாங்கிக்கொள்கிறாள்: மெழுகுவத்தியும் ஒரு தம்ளர் தண்ணீரும். நாய் பைலட் அவளை அடையாளம் கண்டு பாய்கிறது, பாதித் தண்ணீர் சிந்துகிறது. எதிரே இருப்பது யாரென்று அவருக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரியும், நமக்கும் தெரியும். இங்கே மட்டும் கேமரா அவசரப்படாமல், சுடர் ஃபிரேமுக்குள் இருக்க, அவள் முகத்திலேயே நிற்கட்டும்.