படத்தைப் பார்க்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள்

வணக்கம், நேயர்களே. அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா பக்கம் காரில் போய்ப் பாலைவனப் பள்ளத்தாக்குகளைச் சுற்றிவரத் திட்டம் போடுகிறவர்கள், இரவு தங்குவதற்கான கேம்ப்கிரவுண்டைப் பெரும்பாலும் படத்தைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். சிவப்புப் பாறை, அதன் விளிம்பில் ஒரு கூடாரம், மேலே வானம் நிறைய நட்சத்திரம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இடம் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று படம் சொல்லாது. நான் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான்.

சயான் தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். அதன் வாட்ச்மேன் கேம்ப்கிரவுண்ட் பள்ளத்தாக்கின் அடியில், சுமார் 4000 அடி உயரத்தில் இருக்கிறது. ஜூலை மாதப் பகலில் வெயில் 38 டிகிரி செல்சியஸை சர்வசாதாரணமாகத் தாண்டும். பகலெல்லாம் குடித்த சூட்டை அந்தப் பாறைச் சுவர்கள் ராத்திரியில் கக்கும். அங்கிருந்து இரண்டு மணி நேரம் கார் ஓட்டினால் பிரைஸ் கேன்யன். அங்கே கேம்ப்கிரவுண்டுகள் கிட்டத்தட்ட 8000 அடியில், பைன் மரங்களுக்கு நடுவே இருக்கின்றன. ஆடியிலும் இரவில் ஸ்வெட்டரைத் தேடுவீர்கள்; மே மாதத்தில் வாளித் தண்ணீர் உறைவதும் உண்டு. கிராண்ட் கேன்யனில் இதே கணக்கு செங்குத்தாக நிற்கிறது. ஜூலையில் தெற்கு விளிம்பின் சராசரிப் பகல் வெப்பம் 29 டிகிரி என்றால், ஏறக்குறைய ஒரு மைல் கீழே கொலராடோ ஆற்றங்கரையில் 41 டிகிரி.

ஆகவே ஏப்ரலிலும் அக்டோபரிலும் போகிறவர்கள் தாழ்வான இடத்தைப் பிடியுங்கள். கோடை விடுமுறையில்தான் பிள்ளைகளோடு போக முடியும் என்றால், பகலில் கீழே சுற்றிவிட்டுத் தூங்க மேலே ஏறிவிடுங்கள். கீழேதான் தங்கியாக வேண்டும் என்ற நிலை வந்தால், கிழக்குச் சுவரை ஒட்டிய இடமாகக் கேளுங்கள். மற்ற இடங்களில் விடிந்ததும் கூடாரம் வேகத் தொடங்கும்போது, அங்கே இன்னும் நிழல் இருக்கும். மேற்குச் சுவரை ஒட்டினால் சாயங்காலம் சீக்கிரம் குளிரும், ஆனால் காலைத் தூக்கம் போச்சு.

முன்பதிவு விஷயத்துக்கு வருகிறேன். வாட்ச்மேன், கேப்பிடல் ரீஃப் பூங்காவில் உள்ள ஃபுரூட்டா, ஆர்ச்சஸ் பூங்காவின் டெவில்ஸ் கார்டன் மூன்றிலும் ஆறு மாதம் முன்னாலேயே ரெக்ரியேஷன் டாட் கவ் என்ற அரசுத் தளத்தில் இடம் பிடிக்க வேண்டும். தட்கல் டிக்கெட் எடுத்துப் பழகிய விரல்களுக்கு இது புதிதில்லை. வெள்ளி, சனி இரவுகள் உடனே பறந்துவிடும். செவ்வாய், புதன் என்றால் நம்பிக்கை உண்டு. பயணத்துக்கு முந்தைய சில நாட்களில் ரத்தாகும் இடங்கள் திரும்பவும் தளத்தில் வரும், அதையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

டெவில்ஸ் கார்டனில் 51 இடங்கள்தான், ஆர்ச்சஸுக்குள் இருப்பதே அந்த ஒரே கேம்ப்கிரவுண்ட், அதனால் அடிதடி. என்னைக் கேட்டால் ஃபுரூட்டா போதும் என்பேன். 1880களில் குடியேறிய, மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பங்கள் ஃபிரீமான்ட் ஆற்றுத் தண்ணீரைத் திருப்பி வைத்த பழத்தோட்டங்களை இன்றும் தேசியப் பூங்காத் துறை பராமரிக்கிறது. செர்ரி, ஆப்ரிகாட், பீச், ஆப்பிள் எல்லாம் உண்டு. பருவத்தில், பறிக்கலாம் என்று பலகை வைத்த தோட்டத்துக்குள் போய் மரத்தடியில் நின்று சாப்பிட்டால் காசில்லை. வீட்டுக்கு எடுத்துப்போவதை எடை போட்டு, பணத்தைப் பெட்டியில் போட வேண்டும். ஏணியும், நுனியில் கூடை கட்டிய துரட்டியும் அங்கேயே இருக்கும். சாயங்காலம் மான்கள் கூடாரங்களுக்கு நடுவே புல் மேய வரும். சமைத்துக்கொண்டிருக்கும் உங்களை ஏறெடுத்தும் பார்க்காது. சுற்றிலும் செக்கச்செவேல் என்று பாறை, நடுவில் இந்தப் பச்சை. குளிக்க வசதி கிடையாது, அது ஒன்றுதான் குறை.

முன்பதிவே இல்லாத இடங்களும் இருக்கின்றன, முதலில் வந்தவருக்கு இடம். கேன்யன்லாண்ட்ஸ் பூங்காவின் ஐலண்ட் இன் த ஸ்கை பகுதியில் 12 இடங்கள். நேச்சுரல் பிரிட்ஜஸில் 13. இந்த நேச்சுரல் பிரிட்ஜஸ்தான் 2007ல் உலகின் முதல் சர்வதேச இருள்வானப் பூங்காவாக, அதாவது விளக்கு வெளிச்சம் கெடுக்காத இரவு வானத்தைக் காக்கும் இடமாக, அறிவிக்கப்பட்டது. இங்கெல்லாம் சாயங்காலம் போய் நின்றால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். முந்தைய இரவு தங்கியவர்கள் காலி செய்யும் காலை நேரத்தில், வார நாளில் போங்கள். இரண்டு கேம்ப்கிரவுண்டுகளிலும் குழாய்த் தண்ணீர் இல்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் என்று கணக்குப் போட்டுக் கேன்களில் நிரப்பிக்கொள்ளுங்கள்; சோறு வடிப்பவர்கள் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் இரவுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போனால் அந்தக் கவலையும் இல்லை.

மோவாப் ஊருக்குப் பக்கத்தில் 128ஆம் நெடுஞ்சாலை கொலராடோ ஆற்றை ஒட்டியே போகிறது. அந்தக் கரையில் மத்திய அரசின் நில நிர்வாகத் துறை நடத்தும் சிறிய கேம்ப்கிரவுண்டுகள் வரிசையாக வரும். குழிக் கழிவறை, மேசை, அடுப்பு வளையம், அவ்வளவுதான். மண் பெரும்பாலும் மணல். சாயங்காலக் காற்று கிளம்பினால் கூடாரத்து முளைகள் சர்ரென்று பிடுங்கிக்கொண்டு வரும். ஒரு துணிப்பையில் மணலை அள்ளி நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, ஒரு முழ ஆழத்தில் புதைத்துவிடுங்கள். அப்புறம் அசையாது. கறுப்பாக, பொருக்குத் தட்டிய மண்ணைக் கண்டால் மட்டும் மிதிக்காதீர்கள். அது உயிருள்ள படலம். ஒரு காலடித் தடம் ஆறப் பல பத்தாண்டுகள் ஆகும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மெத்தென்ற மணலோடு, காற்றுப் படாமல், சமதளமாக ஓர் இடம் கண்ணில் பட்டால் அது காட்டாற்றுப் படுகையாக இருக்கலாம். அங்கே கூடாரம் வேண்டாம். ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை அங்கே மழைக்காலம். பாறை தண்ணீரை உறிஞ்சாது, பெய்தது அத்தனையும் ஓடி வரும். 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யனில் 11 பேர் வெள்ளத்தில் இறந்தார்கள். அந்த மழை பெய்தது பல மைல் தள்ளி. உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருப்பதை நம்பாதீர்கள். காலையில் வானிலை எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பெட்ரோல்? யூட்டாவின் 70ஆம் நெடுஞ்சாலையில் கிரீன் ரிவர், சலைனா என்ற இரண்டு ஊர்களுக்கும் இடையே சுமார் 110 மைல், ஒரு பங்க்கூடக் கிடையாது. பாதித் தொட்டி என்றாலே நிரப்பிவிடுங்கள்.

அப்புறம் கடிகாரம். கோடையில் யூட்டா ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும், அரிசோனா வைக்காது. ஆனால் அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவஹோ என்ற பூர்வகுடி மக்களின் நிலப்பகுதி வைக்கும். ஒரே பகலில் இந்த மூன்றையும் கடந்து போவீர்கள், கைப்பேசியும் குழம்பும். முன்பதிவு செய்யும்போதே எந்த ஊர் நேரப்படி வந்து சேர வேண்டும் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.