நூறு முறை அளந்து சராசரி எடுத்தால் கடிகாரம் சரியாகுமா?

சென்ற காணொளியைப் பார்த்த நேயர் ஒருவர், "பாக்கெட்டுகள் (இணையத்தில் செல்லும் தரவுத் துண்டுகள்) முன்பின்னாக வந்தால் என்ன, நூறு முறை அளந்து சராசரி எடுத்தால் கணினியின் கடிகாரம் சரியாகிவிடாதா?" என்று கேட்டிருக்கிறார். இக்கேள்வி என்னை விடவே இல்லை.

இணையம் வழியே ஒரு சர்வரிடம் நேரம் கேட்டுக் கணினியின் கடிகாரத்தைச் சரிசெய்யும் என்டிபி முறையில் நான்கு நேர முத்திரைகள் உண்டு என்பது தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும்: நம் கேள்வி புறப்பட்டது, சர்வரை அடைந்தது, பதில் அங்கிருந்து புறப்பட்டது, நம்மிடம் வந்து சேர்ந்தது. முதலும் கடைசியும் நம் கடிகாரப்படி, நடுவில் உள்ள இரண்டும் சர்வரின் கடிகாரப்படி. நம் கடிகாரம் 40 மில்லிவினாடி பின்தங்கியிருக்கிறது, பயணம் ஒவ்வொரு திசையிலும் 20 மில்லிவினாடி, பதில் தர சர்வருக்கு 1 மில்லிவினாடி என்று கொள்வோம். முத்திரைகள் 0, 60, 61, 41 என்று அமையும். முதல் இரண்டின் வேறுபாடு 60, பின்னிரண்டின் வேறுபாடு 20. கூட்டிப் பாதியாக்கினால் சரியாக 40 கிடைக்கிறது. இப்போது வீட்டில் யாரோ ஒரு காணொளியைப் பதிவேற்றுவதால், ரவுட்டரின் வரிசையில் நம் கேள்வி மட்டும் 30 மில்லிவினாடி காத்து நிற்கிறது. அதே கணக்கு 55 என்று சொல்லும். பதிவேற்றம் முடியும்வரை எத்தனை முறை அளந்தாலும் பிழை ஒரே பக்கம் சாயும். சராசரி அந்தச் சாய்வைப் போக்காது.

முன்பும் வலியுறுத்தியதையே மீண்டும் சொல்கிறேன்: தாமதம் கூடுமே ஒழிய, பாதையின் அடிப்படைப் பயண நேரத்துக்குக் கீழே ஒருபோதும் இறங்காது. ஆகவேதான் டெலாவேர் பல்கலைக்கழகத்தின் டேவிட் மில்ஸ் உருவாக்கிய என்டிபி, கடைசி எட்டு அளவீடுகளுள் சுற்றுத் தாமதம் (போய்வரும் பயணத்துக்கு ஆன மொத்த நேரம்) மிகக் குறைந்ததையே நம்புகிறது. நம் உதாரணத்தில் 70 உடையதை விட்டுவிட்டு 40 உடையதை எடுத்துக்கொள்ளும். எவ்வளவு அழகான தீர்வு!

நேயர் இதற்கு அடுத்த கேள்வியையும் கேட்டிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன். வரிசையே இல்லாத வேளையிலும் போகும் பாதையும் வரும் பாதையும் வெவ்வேறாக இருந்தால்? போக 30, வர 10 என்றாலும் சுற்றுத் தாமதம் அதே 40தான். கணக்கோ ஒவ்வொரு முறையும் 10 மில்லிவினாடி தவறும், எந்த வடிகட்டியும் அதைக் கண்டுபிடிக்காது. பிழை சுற்றுத் தாமதத்தின் பாதியை மிஞ்சாது என்பதற்கு மட்டுமே உத்தரவாதம் உண்டு; அருகிலுள்ள சர்வரையே தேர்ந்தெடுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான். ஐஇஇஇ 1588 தரத்தின் பிடிபி என்ற, இன்னும் துல்லியமான நேர ஒத்திசைவு முறையில், அதற்கென அமைந்த நெட்வொர்க் சுவிட்சுகள் பாக்கெட் தம்மிடம் தங்கிய நேரத்தை அளந்து குறித்துவிடுவதால் வரிசைத் தாமதத்தைக் கழித்துவிட முடிகிறது. ஆனால் போகும் கண்ணாடி இழைக்கும் வரும் கண்ணாடி இழைக்கும் உள்ள நீள வேறுபாட்டை அதுவும் தானாக அறியாது, ஜிபிஎஸ் போன்ற வேறொரு மூலத்தோடு ஒப்பிட்டு அளந்து நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.