கல்லும் வளையும்

நேயர்களுக்கு வணக்கம். உங்கள் வீட்டு அடுப்பு மேடையில் கிரானைட் பலகை இருந்தால், அதில் கறுப்பும் சிவப்புமாகப் பட்டைகள் நெளிந்து ஓடுகின்றனவா என்று பாருங்கள். மடித்த புடவை போலத் திரும்பித் திரும்பி வருகின்றனவா? அப்படியென்றால் நீங்கள் தினமும் காய் நறுக்குவது ஒரு காலத்தில் வளைந்து கொடுத்த பாறையின் மேல். கடைக்காரர் கிரானைட் என்றுதான் பில் போடுவார். பாறைகளைப் படிக்கும் நாங்கள் நைஸ் என்போம். வழவழப்பைச் சொல்லும் நைஸ் இல்லை, அந்தப் பாறையின் பெயரே அதுதான்.

கல் உடையும் என்பது எல்லோருக்கும் தெரியும். கல் வளையும் என்றால்தான் சிரிப்பார்கள். ஸ்காட்லாந்தில் சர் ஜேம்ஸ் ஹால் என்று ஒருவர் இருந்தார். கடலோரச் செங்குத்துப் பாறைகளில் அடுக்குகள் மேலும் கீழுமாக மடிந்து கிடப்பதைப் பார்த்தவர். என்ன செய்தார் தெரியுமா? மேசைமேல் துணிகளை ஒன்றின்மேல் ஒன்றாக விரித்தார், லினன் கொஞ்சம், கம்பளி கொஞ்சம். கீல் கழன்று கிடந்த ஒரு கதவை எடுத்து மேலே வைத்தார். கதவின்மேல் பாரம். இரண்டு பக்கமும் பலகையை நிறுத்திச் சுத்தியால் தட்டினார். துணி மடிய மடிய, பாரத்தோடு கதவு மெல்ல மேலே எழும்பியது! 1815இல் அச்சான கட்டுரையில் இதையெல்லாம் எழுதியிருக்கிறார், கதவு கீல் கழன்று கிடந்தது என்பது உட்பட. எனக்கு அந்தக் கதவைத்தான் ரொம்பப் பிடிக்கும். மேலே பாரம், பக்கத்தில் நெருக்கல், மலைக்கும் அதே கணக்குதான்.

சரி, துணி மடியும், கல் எப்படி மடியும்? மூங்கில் கழியில் சுற்றிக்கொண்டு வருவாரே, அந்த ஜவ்வு மிட்டாயை நினைத்துக்கொள்ளுங்கள். மெல்ல இழுத்தால் நீளும், வெடுக்கென்று இழுத்தால் அறும். குளிரில் விறைத்துவிட்டால் முறியும். கல்லும் அப்படித்தான். சூடு வேண்டும், சுற்றிலும் அழுத்தம் வேண்டும், எல்லாவற்றையும்விட அவகாசம் வேண்டும். சுமார் 300 டிகிரி செல்சியஸ் சூட்டில், இந்தக் கற்களில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமம் இளகிக்கொடுக்கத் தொடங்கிவிடும். உருகி அல்ல, கவனியுங்கள், திடமாக இருந்தபடியே. அந்தச் சூடு பல இடங்களில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. உங்கள் அடுப்பு மேடைக் கல்லும் அப்படி ஓர் ஆழத்தில் கிடந்ததுதான். மேலே இருந்ததெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப் போனதால் வெளியே வந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டுகிறார்கள். பாறை வளையாமல் உடைந்து நகரும் பிளவுகளைப் பற்றி நிறைய வைத்திருந்தேன், ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1906 சான்பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் நேராகப் போன வேலிகள் அறுந்து விலகி நின்றன. சில இடங்களில் நிலம் 6 மீட்டர் வரை நகர்ந்திருந்தது. ஹாரி ஃபீல்டிங் ரீட் என்ற அமெரிக்க விஞ்ஞானி பழைய நில அளவைகளை ஒப்பிட்டுப் பார்த்தார். மேல்பாறை வில்லாகப் பல காலம் வளைந்திருக்கிறது, தாங்க முடியாமல்தான் அன்று அறுந்து நிமிர்ந்திருக்கிறது என்றார். நம் இமயமலை அடியிலும் இதே வேலை நடக்கிறது. அதற்கு இன்னும் பத்து நிமிஷமாவது வேண்டும், விட மாட்டார்கள். வணக்கம்.