கரண்டு போச்சா சாமி?

நடுவர் அவர்களுக்கும், இந்த மார்கழிப் பனியிலும் எந்திரிக்காமல் உட்கார்ந்திருக்கிற பெரியவங்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கமுங்க. ‘இன்றைய பிள்ளைகளை இழுப்பது இசையா, ஆரவாரமா?’ என்பது தலைப்பு. நான் இசையின் பக்கம்.

தலைப்புக்கு அப்புறம் வருகிறேன். முதலில் எதிரணி அண்ணன் சொல்லிவிட்டுப்போன ஒரு வார்த்தை. “இந்தக் காலத்துப் பசங்களுக்குக் காதுல இயர்போன் இருக்கு, காதுதான் இல்லை” என்றார். நீங்களும் கை தட்டினீங்க. எனக்குச் சுருக்குன்னு இருந்ததுங்க.

ஆரவாரம் நேற்று முளைத்ததாங்கண்ணா? சாமிக்கண்ணு வின்சென்ட் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் சினிமாக் கொட்டகையைக் கட்டியது 1914-ல். நம்ம கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில் எடுத்த ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளியைப் பார்த்தது. அதில் நடித்துப் பாடிய தியாகராஜ பாகவதர் பாட்டுக்கு முண்டியடித்த அந்தக் கூட்டத்தைக் காது இல்லாத கூட்டம் என்று சொல்வீங்களா? நம்ம அப்பாருகளும் அதில் இருந்திருப்பாங்க.

சரி, நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்களுக்குச் சோமனூர் பக்கம். வீட்டை ஒட்டி விசைத்தறி ஓடுகிற குடோன். அக்கா வீடு அடுத்த தெரு. அக்கா பையனுக்கு 16 வயது, பள்ளிக்கூடம் விட்டால் எங்கள் வீட்டில்தான் கிடப்பான். போன தீபாவளிக்கு ஒரு பெரிய படம் வந்தது. பெயர் வேண்டாம். மூன்று மாதமாக அவன் வாயில் வேறு பேச்சே இல்லை. முதல் பாட்டு வந்த அன்றைக்குச் சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டான். ஊற்றின ரசம் ஆறி, மேலே ஏடு கட்டிவிட்டது. ஒன்பது மணிக் காட்சிக்கு ஆறு மணிக்கே புதுச்சட்டை போட்டுக் கிளம்பினான்.

மத்தியானம் வந்தான். முகத்தில் களையே இல்லை.

“என்ன மாப்பிள்ளை, படம் எப்படி?”

“வேலைக்காகலீங் மாமா.”

“பாட்டு?”

பேசவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். “கடைசிப் பாட்டுல ஒரு இடமுங் மாமா. அடிச்சுட்டிருந்த அத்தனை சத்தமும் பட்டுன்னு நிக்குது. ஒரு மூச்சு நேரம் ஒண்ணுமே இல்லை. கரண்டு போனா நம்ம குடோன் இருக்குமே, அப்படி. விசிலடிச்சுட்டிருந்த நாங்களே கம்முன்னு ஆயிட்டோம். அப்புறம் ஒரே ஒரு உடுக்கை வருதுங்க.”

இன்னொரு தடவை சொல்லட்டுங்களா? கரண்டு போன குடோன் மாதிரி என்றான். தறி ஓட்டுகிறவங்க இங்கே பாதிப் பேர் இருக்கீங்க, உங்களுக்குத் தெரியும். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவர் பேச்சு கேட்காது, உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்குவோம். கரண்டு போய் நாடா நின்றதும் வேப்பமரத்துக் காக்காய் கேட்கும், பக்கத்து வீட்டுக் குக்கர் கேட்கும், இது எல்லாம் இத்தனை நேரம் எங்கே இருந்தது என்று தோணும். அத்தனை கூச்சல் போட்ட படத்துக்குள் போய், அந்த ஒரு மூச்சு அமைதியைப் பொறுக்கி எடுத்து வந்திருக்கிறான். படம் நல்லா இல்லை, இந்த இடம் நல்லா இருக்கிறது என்று பிரித்துச் சொல்கிறான். இவனுக்குக் காது இல்லைங்களா?

நடுவர்ங்க, மணியில் கை வைக்காதீங்க. ஒன்று பாக்கி இருக்கிறது.

எங்கப்பா 40 வருஷம் தறி ஓட்டினவர். காது போய்விட்டது. நல்லா இருந்த காலத்தில் குடோன் சுவரில் ரேடியோ மாட்டி, தறிச் சத்தத்தை மீறிப் பாட்டுக் கேட்ட மனுசன். இப்போது திண்ணையில் சும்மா உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு ராத்திரி இந்தப் பையன் தன் குட்டி ஸ்பீக்கரைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தான். அவர் வலது கையைப் பிடித்து, நூல் அறுத்து அறுத்துக் காய்த்துப்போன அந்த உள்ளங்கையை அதன் மேல் அமுக்கிவைத்து, பாட்டைப் போட்டான்.

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் கையை எடுக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டார். நான் வாசற்படியில் நின்று பார்க்கிறேன். அந்த இடம் வந்தது. சத்தம் நின்றது.

அப்பா கண்ணைத் திறந்து, “கரண்டு போச்சா சாமி?” என்றார்.

பையன் இல்லை என்று தலையை ஆட்டினான். அவர் கை மேல் தன் கையை வைத்து, உதடு தெரிகிற மாதிரி முகத்தைக் கிட்டே கொண்டுபோய், “இருங்க அப்புச்சி, வருது” என்றான்.

உடுக்கை வந்தது. எங்கப்பாவின் சுண்டுவிரல் அசைந்ததுங்க. அப்புறம் அஞ்சு விரலும் தாளம் போட்டது.

இதுக்கு மேல எனக்குப் பேச வரலீங்க. வணக்கம்.